எங்கள் வாசலுக்கு வந்த ஆம்புலன்ஸ்

நம் ஆம்புலன்ஸ் சேவையின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, ஊரார் உயிரை மடியில் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டும் ஓட்டுநர் மாமாக்களே, முகம் தெரியாதவர்களின் அழுகைக்குக் காது கொடுக்கும் கட்டுப்பாட்டு அறை அக்காமார்களே, அவர்களுக்காகச் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, என்னைப்போல் காத்திருந்தே வளர்ந்த பிள்ளைகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஓய்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூலகத்தில் தேடினேன். புத்தகங்கள் எல்லாம் தடித்தடியாக இருந்தன. எழுதியவர்கள் ஓய்வெடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே அவற்றை மூடிவிட்டு என் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன். அவரிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் குரல் என் அம்மாவுடையது. அது பதறாத குரல், பிசிறாத குரல். வீட்டுக்கு வந்தாலும் மாறாத குரல். தனக்குப் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்லச் சித்தி அழைத்தபோது, அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "மூச்சு இருக்கா? எந்த இடம்?"

சித்தி சளைத்தவரா? "மூச்சும் இருக்கு, பெரியம்மா மாதிரி வாயும் இருக்கு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம், வண்டி அனுப்பிடாதக்கா" என்றார்.

நீங்கள் சிரிப்பதுபோல் அன்று நாங்களும் சிரித்தோம். அது சிரிக்கிற சேதி இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

ஆண்டுதோறும் இந்த மேடையில், விடுப்பே எடுக்காதவருக்கு ஒரு கேடயம் கொடுக்கிறீர்கள். எங்கள் அலமாரியில் அவை வரிசைகட்டி நிற்கின்றன. ஒரே ஒருமுறை, கேடயம் போனால் போகட்டும் என்று அம்மா எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அலை அழைத்தது, அலைபேசியும் அழைத்தது. அம்மா எதற்குப் போனார்? அவருக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் சின்னக்கா ஏதோ ஒரு தெருவுக்கு வழி கேட்டார். பிறகு இன்னொருவர் கேட்டார். அம்மா மணலில் விரலால் தெருக்களை வரைந்து வழி சொல்லிக்கொண்டே இருந்தார். கால் நனையாமல் திரும்பி வந்தோம். அதற்குப் பெயர் விடுப்பா?

சென்ற கோடையில் ஒரு பகல். சைரன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது; எங்கள் வாசலில் நின்றது. வண்டி ஓட்டி வந்த மீசை மாமா ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்.

"யாருக்கும்மா முடியல?"

"எல்லாரும் நல்லாத்தான இருக்கோம் மாமா. அம்மா டியூட்டியில இருக்காங்களே."

அவர் முகவரியை மறுபடி பார்த்தார். அதை அனுப்பியதே அம்மாதான்.

யாரோ ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. அவர் மகள் அழுதபடி முகவரி சொல்லியிருக்கிறாள். ஓயாமல் உழைத்து ஓய்ந்துபோன அம்மாவின் விரல்கள், கேட்ட முகவரியை விட்டுவிட்டு, பழகிப்போன எங்கள் வீட்டு முகவரியைத் தட்டிவிட்டன. வாய் சொல்லும் தெரு ஒன்று, திரையில் தெரியும் தெரு இன்னொன்று என்பதைச் சின்னக்கா கவனித்து, உடனே வேறு வண்டியை அனுப்பினார். பெரியவர் பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால்?

வண்டி தவறான வீட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். அவையோரே, நான் மறுக்கிறேன்! உறங்கியும் உறங்காதவர், உண்டும் ருசி அறியாதவர், கேட்ட அழுகைகளை இறக்கிவைக்க இடமின்றிச் சுமந்தவர் அந்த வீட்டில்தானே இருந்தார்? காய்ச்சலை அளக்கக் கருவி வைத்திருக்கிறோம். மனத்தின் களைப்பை அளக்க என்ன வைத்திருக்கிறோம்? கேடயம் வைத்திருக்கிறோம்!

நம் தலைவர் அன்று திட்டவில்லை. "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்கம்மா. இங்கேருந்தும் யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

முதலில் அம்மா தூங்கினார். பிறகு அழுதார். "இனிமே அந்த நாற்காலியில என்னால உட்கார முடியுமாடி?" என்று என்னிடம் கேட்டார்.

வாரங்கள் போயின. ஒரு காலை, தலை பின்னிக்கொண்டிருந்தவர் என் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி உனக்குக் கொஞ்சமும் பொருந்தலடி. யாரு எடுத்தது?"

"நீதாம்மா. போன வருஷம்."

போன வருஷம் பார்க்காத முகத்தை அன்றுதான் பார்த்தார். இதோ, நான் போட்டிருப்பது அவர் இரண்டாவதாக எடுத்தது. கைதட்டலைக் கண்ணாடியின் சார்பில் ஏற்றுக்கொள்கிறேன்.

இமைக்காத கண்ணுக்குப் பார்வை கூடுமா? இமைப்பதால் கண் சோம்பேறி ஆகுமா? கண்ணுக்கு இமைப்பு எப்படியோ, மனத்துக்கு விடுப்பு அப்படி.

இந்த ஆண்டின் கேடயமும் மேசையில் இருக்கிறது. அதற்கு உரியவர் சின்னக்கா. அக்கா, அதை வாங்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வயதில்லை. ஆனால் தலைவர் அவர்களே, இதுபோல் இனி ஒன்று கொடுக்காதீர்கள், விடுப்பில் இருப்பவரை அழைக்காதீர்கள் என்று கேட்க, அலமாரி நிறையக் கேடயம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்கிறார் பின்வரிசை மாமா. நியாயமான கேள்வி. அதற்கு அம்மாவே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார். மருத்துவர் சரி என்றுவிட்டார். சின்னக்கா, இது உங்களுக்கு: "என் வேலையையும் சேத்து இத்தனை நாள் நீ பாத்த. திங்கக்கிழமை நான் வந்துடறேன். நீ ஃபோனை அணைச்சுட்டு வீட்டுக்குப் போடி."

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. இன்று அவற்றுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். வணக்கம்.