மூணாவது தடவை, நிறம் சரியில்லை

— மறுபடியும் திருப்பி அனுப்பறீங்களா? மூணாவது தடவை சார் இது!

— கோவிச்சுக்காதேம்மா. அறிவியல்னா ஒரு ஒழுங்கு வேணும். அசல் மாத்திரை இளமஞ்சள். உன் போலி மாத்திரை அடர்மஞ்சள். நோயாளி கண்டுபிடிச்சிடுவான்.

— மூச்சுக்குத் தவிக்கிறவன் மாத்திரைக்கு நிறப்பொருத்தம் பார்ப்பானா? வார்டுல தரையில கிடக்கறாங்க சார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. கொடுத்துப் பார்த்தாத்தானே வேலை செய்யுதான்னு தெரியும்? ஒரே ஒரு கையெழுத்து!

— எதுக்கு? ஊரெல்லாம் அரிப்புக்குப் போடற மாத்திரை. இயக்குநர்னு உக்காந்துட்டு, வைரஸுக்கு அதைக் கொடுங்கன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க? அதுவும் வைரஸை விட்டுட்டு நம்ம செல்லுல கை வைக்கிறியாம்.

— வைரஸுக்குத் தன்னைத்தானே நகல் எடுக்கக்கூட வக்கில்லை சார். நம்ம செல்லுக்குள்ள புகுந்து, அங்க இருக்கற புரதத்தை வேலை வாங்கித்தான் பெருகுது. அந்தப் புரதத்தை இந்த மாத்திரை கொஞ்ச நாள் கட்டிப்போடும். ஆய்வகத்துல வளர்த்த செல்லுல வைரஸ் அப்படியே முடங்கிப் போச்சு.

— அதாவது, அடுத்தவன் உழைப்புல உக்காந்து சாப்பிடுதுங்கறே.

— எங்க கட்டுரை எல்லாத்துலயும் முதல் பேர் உங்களுதுதானே. உங்களுக்குப் புரியும்.

— வாய்க்கொழுப்பு!

— இருக்கட்டும். அலமாரியில ரெண்டு டப்பா இருந்துச்சே, இன்னொண்ணு எங்க?

— அது... வீட்ல இருக்கு. கதவைச் சாத்தும்மா. வீட்டுக்காரிக்கு அதே காய்ச்சல். மூணு நாளா வேளைக்கு ஒண்ணு கொடுக்கறேன்.

— வார்டுக்கு ஆகாத மருந்து வீட்டுக்கு ஆகுமா? வெட்கமா இல்ல? ஏன், கடையில வாங்கறதுக்கென்ன?

— அரிப்பு மாத்திரையை நம்பாதீங்கன்னு போன வாரம்தான் பேப்பர்ல பேட்டி கொடுத்தேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்?

— ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போனீங்களா?

— காலையில இருந்து கொஞ்சம் மூச்சு வாங்குது. மருந்துதான் உள்ள போகுதேன்னு தைரியமா விட்டுட்டு வந்தேன்.

— ஐயோ, உடனே கிளம்புங்க! அசல் இன்னும் மருந்தகத்துல பூட்டிக் கிடக்கு, உங்க கையெழுத்துக்காக. இங்க இருந்த ரெண்டு டப்பாவும் போலி. ஒண்ணு போன தடவை கொண்டுவந்தது, ஒண்ணு இந்தத் தடவை கொண்டுவந்தது. போலிக்கும் போலிக்கும்தான் இத்தனை நாளா நிறம் பார்த்திருக்கீங்க!

— மிரட்டாதே. கொடுக்கறதுக்கு முன்னாடி நானே நாக்குல வச்சுப் பார்த்தேன். அசல் மாதிரியே கசந்துச்சு!

— கசக்காம என்ன செய்யும்? போலியும் அதே அளவு கசக்கணும்னு சொல்லித்தானே முதல் தடவை திருப்பி அனுப்பினீங்க!