மூண்டாவது ரெகுலேற்றர்

இல்ல றஊப் நானா, அதை மேசையில வைக்காதீங்கோ, கையில எடுத்து மணந்து பாருங்கோ. எரிஞ்ச மணம் அடிக்குதெல்லோ? உங்கட கடையில போன கிழமை வாங்கினது. பற்றறிக்குப் போற சார்ஜை அளவா வைக்கிற ரெகுலேற்றர், இதோட மூண்டு போச்சு. லொறி முப்பது வருசத்துப் பழசுதானே எண்டு ஏதும் கழிவு சாமானைத் துடைச்சுத் தந்தீங்களோ எண்டு கேக்கத்தான் சல்லிக் கிராமத்தில இருந்து வந்தனான். நீங்கள் கோவிக்காதீங்கோ, கோவம் எனக்கு.

தேத்தண்ணி வேண்டாம். கதிரையும் வேண்டாம், நிண்டே கதைக்கிறன். லொறியை அந்த வேம்புக்குக் கீழ விட்டிருக்கிறன், கண் அதிலதான் இருக்கோணும். தம்பி, ஓட்டோக்காரத் தம்பி, உதில நிண்டு ஹோர்ன் அடியாதையும், வழி இருக்கு, போம்.

என்ன சொன்னனான்? ஓம், தேடாத இடமில்ல. கிண்ணியாவில பழைய சாமான் விக்கிற இன்பாஸிட்டக் கேட்டன். அனுராதபுரத்தில லொறி உடைக்கிற இடத்திலயும் போய்க் கிண்டினன். எல்லாரும் பன்னிரண்டு வோல்ற் சாமானைத்தான் தூக்கிக் காட்டுறாங்கள். என்ரது இருபத்திநாலு. இந்த மொடலுக்கு இனி வராதாம். நாளைக்கு ஹாபரில சீமெந்து ஏத்த என்ர முறை, நானா. பிந்தினா வேற லொறியைக் கூப்பிட்டுடுவாங்கள்.

பற்றறியோ? பன்னிரண்டு வோல்ற் பற்றறி ரெண்டு, ரெண்டும் ஒரே நாளில வாங்கினது. ஓம், ஒண்டு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கு. மற்றது நல்லா நிக்குது. ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்?

ஒரு பற்றறியில இருந்து தனிய வயர் இழுத்தனானோ எண்டோ? இருபது வருசமா லொறி ஓடுறவனிட்டக் கேக்கிற கேள்வியே இது? பாட்டுப் பெட்டி போடப் பொடியள் செய்யிற வேலை அது. ஒண்டில மட்டும் கறண்ட் எடுத்தா ரெண்டும் சரிசமனா நிக்காது, ரெகுலேற்றர் எரியும். எனக்குத் தெரியாதோ? நானே எத்தனை பேரை இதுக்கு ஏசியிருக்கிறன்.

எங்க எழும்பிறீங்கள்? இல்ல, நீங்கள் வந்து பாக்க வேண்டாம். நில்லுங்கோ நானா. லொறிக் கதவைத் திறக்காதீங்கோ.

சரி. வயர் ஒண்டு இருக்கு. சின்ன ஃபேன் ஒண்டுக்கு. பன்னிரண்டு வோல்ற்தான் கிடைச்சுது.

உள்ளுக்க என்ர மனிசி, சிவாஜினி, படுத்திருக்கிறா. கொஞ்சம் மெதுவாக் கதைப்பம். மகன் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் ரெண்டு மாதம். எங்கட வீடு கரையிலதானே. படுத்தா அலை கேக்கும், கேட்ட உடன எழும்பி வாசலுக்குப் போயிடுவா. போனா வரமாட்டா. எனக்குப் பயமாக் கிடக்கு நானா. லொறிக்குள்ள தலைமாட்டில அந்த ஃபேனைப் போட்டா ஒரே இரைச்சல், அலை கேக்காது. அதுக்குள்ளதான் நித்திரை கொள்ளுறா. நேற்று பற்றறி இறங்கி அது நிண்டுபோச்சு, விடிய விடிய முழிச்சிருந்தா. காலமை பற்றறியை வெளியில குடுத்துச் சார்ஜ் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டனான், வழியிலதான் நித்திரையானவ.

வயரைக் கழட்டத்தான் வேணுமெண்டா கழட்டுவம். அவ எழும்பின பிறகு கழட்டுவம்.