நாலு வரிக்கு ஒரு வரி

மீஞ்சூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் கம்பெனி ஏதோ கம்ப்யூட்டர் மொழியைத் தயாரித்து விற்கிறது போலிருக்கிறது. கண்ணாடி போட்டவள் பேச ஆரம்பித்ததும் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“நாலு வரியில எழுதறத இனிமே ஒரே வரியில எழுதலாம்னு புதுசா கொண்டாறாங்க. இன்னிக்கு மீட்டிங்ல நான் வேணாம்னு சொல்லப் போறேன்.”

“ஏன்டி? சுருக்கமா இருந்தா நல்லதுதான?” என்றாள் தோழி.

“எழுதறவளுக்கு நல்லது. அத இன்னொருத்தி படிச்சுத் திருத்தணுமே. அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது.”

“காசு குடுத்து வாங்கறவங்க கேக்கறாங்களே, இன்னா பண்றது?”

“கேப்பாங்க. புரோகிராம் நின்னு போச்சுன்னா போன் நமக்குத்தான வரும்.”

“சரி, நீ வேணாம்னு சொல்லியும் வந்துடுச்சுன்னா?”

கண்ணாடிக்காரி சொன்னாள்:

“ஏரியில புது மாதிரி வலை வேணாம்னு எங்க நைனா ஊர்க்கூட்டத்துல ஒத்தக்கால்ல நின்னாரு. ஊரு கேக்கல, வேணும்னு முடிவு பண்ணிடுச்சு. மறுநாள் மொதல் ஆளா அந்த வலைய எறக்கினது அவருதான்.”

“அப்போ நீ?”

“நான் மட்டும் இன்னா, அவரு பொண்ணுதான.”