ஆறு வினாடிக்குப் பதினான்கு

ஓய்வு பெற்றதில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி, நிதானமாகப் பல் தேய்ப்பதுதான். முப்பத்தோரு வருடம் பிரசவ அறை நர்ஸாக இருந்தவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? மேல் வரிசை தேய்த்து முடிப்பதற்குள் ஒரு குழந்தை வந்துவிடும். நான் கையில் ஏந்திய குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் பூமியை இரண்டு சுற்று சுற்றி, மிச்சப் பேர் உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள்.

நீங்கள் விசாரணை அதிகாரி, மெஷினைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் என் விரலைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறந்த குழந்தை மூச்சுவிடத் தயங்கினால் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். தொப்புள்கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்தால் துடிப்பு தெரியும். டாக்டரின் கை மூச்சுப் பையை அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் நர்ஸ் ஒரு கையால் கொடியைப் பிடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் மறு கை விரலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவாள். ஆறு வினாடி. அதைப் பத்தால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. பதினான்கு தட்டு என்றால் நூற்று நாற்பது, கவலை இல்லை. பத்துக்குக் கீழே என்றால் பையை அழுத்த வேண்டும். ஆறுக்கும் கீழே போனால் நெஞ்சையும் அழுத்த வேண்டும்.

பெரிய டாக்டர் எனக்கு வைத்த பெயர் தந்தி ஆபீஸ். "என்ன தந்தி ஆபீஸ், சேதி என்ன?" என்பார். அறையே என் விரலைப் பார்க்கும். குழந்தையைப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள், சங்கடப்படுவார்கள். ஸ்டெதாஸ்கோப் எல்லோர் கழுத்திலும் தொங்கியது. நான் நிற்கும்போது அதை எடுத்துக் காதில் மாட்டுவது என்னை அவமதிப்பது போல.

ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது, என் உடம்பிலிருந்த சர்க்கரை விரல் நுனிகளில் குடித்தனம் வந்தது. ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைத்தேன், சூடே தெரியவில்லை. "சர்க்கஸ்ல சேந்துடு, சம்பளம் ஜாஸ்தி," என்றார் வீட்டுக்காரர். மறுநாள் வேலையில் கொடியைப் பிடித்தேன். நனைந்த துணியைப் பிடித்த மாதிரி இருந்தது. துடிப்பு கிடிப்பு ஒன்றும் இல்லை. குழந்தையோ கட்டிடம் அதிரக் கத்திக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் போர்வை மடிக்கிற அறைக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கே எனக்கு யார் பெயர் வைப்பார்கள்?

தவிர, அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கத்துகிற குழந்தைக்கு நூற்று நாற்பது என்று சொல்ல விரல் எதற்கு? பதினான்கு தட்டுவேன். கத்தாத குழந்தைக்கு, எதற்கு வம்பு என்று எட்டு தட்டுவேன். டாக்டர் பையை அழுத்துவார், குழந்தை கத்தும், உடனே பதினான்கு. மூன்று வருடம் இப்படியே ஓடியது. சில நாள் எனக்கே துடிப்பு தெரிவது போலிருக்கும்.

இதற்கு நடுவில் சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கமான பெண். மேலிடத்துக்கு ஒரு லட்சம் கடிதம் எழுதி அந்த மெஷினை வரவழைத்தவள் அவள்தான். குழந்தையின் நெஞ்சில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டினால் திரையில் துடிப்பின் எண் வரும். "அக்கா, இனிமே நீங்க கஷ்டப்பட்டுத் தட்ட வேணாம். சும்மா நில்லுங்க, போதும்," என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். நான் ஓய்வு பெற நான்கு நாள் இருந்தது.

அன்று காலை மெஷின் வந்தது. மத்தியானம் அந்தக் குழந்தை வந்தது.

"அம்பத்திரண்டு காட்டுது சார்," என்றாள் சின்ன டாக்டர்.

பெரிய டாக்டர் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. "தந்தி ஆபீஸ்?"

குழந்தை வெளுத்துப்போய், கைகால் துவண்டு கிடந்தது. ஐம்பத்திரண்டு சரியாகத்தான் இருக்கும் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. வழக்கம் போல எட்டு தட்டியிருக்கலாம். தட்டினால் நானும் மெஷினும் ஒரே கட்சி ஆகிவிடுவோம். அப்புறம் நான் எதற்கு?

பதினான்கு தட்டினேன். பிசிறே இல்லாமல். என் சர்வீஸிலேயே அவ்வளவு அழகாகத் தட்டியதில்லை.

"பாத்தியாம்மா, நீ ஒட்டினது சரியில்ல," என்று பெரிய டாக்டர் பையைக் கீழே வைத்தார். "உன் டப்பாவுக்கு வயசு மூணு மணி நேரம். அவங்களுக்கு முப்பது வருஷம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சின்ன டாக்டர் ஸ்டிக்கரை மாற்றினாள். நாற்பத்தெட்டு. மறுபடி மாற்றினாள். நாற்பத்தொன்று. அவள் கை ஸ்டெதாஸ்கோப்புக்குப் போனது.

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றேன்.

"ஐயோ, அப்படி இல்லக்கா," என்று கையை எடுத்துவிட்டாள். நான் மறுபடி தட்டினேன். பதினான்கு.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து தாய் கேட்டாள்: "ஏன் சத்தமே வரல?"

"ஜம்முனு துடிக்குதும்மா, கவலைப்படாத," என்றேன்.

இப்படி நான்கு நிமிடம். அதற்கப்புறம் திரையில் எண்ணே வரவில்லை. அப்போதுதான் பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் முறையாகச் செய்தார்கள். செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மெஷின் கோளாறு, அதனால் குழப்பம், அதனால் மரணம் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. மெஷினைப் போர்வை சுற்றி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார்கள். அதைக் கொண்டுவந்த குற்றத்துக்குச் சின்ன டாக்டர் சஸ்பெண்ட் ஆகி நிற்கிறாள், நாளைக்கு அவளுடைய விசாரணை. நாற்பது பக்க அறிக்கையில் என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்றுதான் வாயைத் திறக்கிறேன், வேறொன்றுமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் காட்டியது சரி. என் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் உயிரைப் போக்கியது நான்.

ஒரு வரியை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். கடைசிவரைக்கும் மற்ற ஆறு பேரில் ஒருவர்கூட என் விரலை விட்டு மெஷினை நம்பவில்லை.