அட்டை வீடியோவும் ஆறு நம்பரும்

நிலக்ஷி: அசையாதீங்க மாமா... வாசல்லயே அப்படியே நில்லுங்க.

அழகுமுத்து: என்னா புள்ள? பாம்பா?

நிலக்ஷி: அட்ட. எடது கணுக்கால்ல. நல்லா குடிச்சி உருண்டு போயி இருக்கு.

அழகுமுத்து: சனியன்... இழுத்துப் போடு.

நிலக்ஷி: இழுக்கக் கூடாது. கடிச்ச எடத்துல ரெத்தம் நிக்காது. இருங்க... சவுக்காரத்த நனைச்சி ஒரசுனா தானா உழுந்துரும்.

அழகுமுத்து: ஒனக்கு என்னா, கையில சவுக்காரத்த வச்சிக்கிட்டே திரியிற?

நிலக்ஷி: அது... வேலைக்கு வேணும்.

அழகுமுத்து: நீ தேயிலக் கொழுந்து எடுக்கப் போறத உட்டு ஆறு மாசமாச்சி. என்னா வேல?

நிலக்ஷி: பாருங்க, உழுந்துருச்சி. ...மாமா, எனக்குக் காயிதம் வந்துச்சா?

அழகுமுத்து: வரல.

நிலக்ஷி: பையத் தொறக்கவே இல்லியே நீங்க.

அழகுமுத்து: இந்தத் தோட்டத்துத் தபால் பைய முப்பது வருசமா தூக்குறேன். தலவாக்கலை தபால் கந்தோர்ல வாங்கயிலயே ஒவ்வொரு பேரா பாத்துத்தான் உள்ள போடுவேன். ஒம்பேரு இல்ல.

நிலக்ஷி: நானே ஒரு தடவ பாக்குறேனே...

அழகுமுத்து: ஏய், தொடாத! தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா, காலையில எல்லாரும் வேலைக்கிக் கூடுற பெரட்டுல என்னைய நிக்க வச்சி ஏசுவாரு.

நிலக்ஷி: நாலு மாசமா இதத்தான் சொல்றீங்க. ஆறு லயத்து வீடுங்களுக்கும் ஒரே அட்ரஸு. வீட்டு நம்பர் கெடையாது, ரோட்டுப் பேரு கெடையாது. கீழ பணிய லயத்துலயும் ஒரு நிலக்ஷி இருக்கா... அவ கைக்குப் போயிருக்குமா?

அழகுமுத்து: அட்ரஸ் எதுக்கு, நான் இருக்கேன்ல? பேரப் பாத்தா எனக்கு மொகம் தெரியும். ஒரு காயிதம் மாறிப் போனதில்ல.

நிலக்ஷி: அப்ப என் காயிதம் மட்டும் எங்க போச்சி? இன்னையோட கடேசி நாளு மாமா. இன்னைக்கி அது கையில இல்லாட்டி... எல்லாம் முடிஞ்சிது.

அழகுமுத்து: அப்படி என்னா காயிதம்? வரும்போதெல்லாம் கேக்குற, என்னான்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

நிலக்ஷி: சொன்னா சிரிப்பீங்க.

அழகுமுத்து: சிரிக்கல. சொல்லு.

நிலக்ஷி: அட்டக் காயிதம்.

அழகுமுத்து: என்னாது?

நிலக்ஷி: பாத்தீங்களா, சிரிக்கிறீங்க! போங்க, நான் சொல்லல.

அழகுமுத்து: இல்ல புள்ள, சொல்லு... சிரிப்பு வந்துருச்சி. சொல்லு.

நிலக்ஷி: நான் போன்ல வீடியோ போடுறேன். அட்ட கடிச்சா என்னா செய்றது, மழைக்குள்ள மல ஏறுனா கால்ல என்னா தடவுறது, இடுப்புல படங்குச் சாக்க எப்படி இறுக்கிக் கட்டுறதுன்னு. நமக்குத் தெரிஞ்சதுதான். ஆனா கொழும்புல இருந்து காடு மலன்னு சுத்த வர்றவங்களுக்குத் தெரியாதுல்ல. தமிழ்லயும் பேசுறேன், சிங்களத்துலயும் பேசுறேன். இந்த வாசல்லதான் சிக்னல், பாருங்க...

அழகுமுத்து: கொண்டா... ஏ, இது ஒங்கம்மா வீரம்மா காலுல்ல?

நிலக்ஷி: உஸ்! சத்தம் போடாதீங்க. மொகத்தக் காட்டாத, கால மட்டும் எடுத்துக்கன்னு சொன்னிச்சி.

அழகுமுத்து: கீழ என்னா நம்பரு?

நிலக்ஷி: பாத்தவங்க. ரெண்டு லச்சத்துச் சொச்சம்.

அழகுமுத்து: வீரம்மா காலயா? ரெண்டு லச்சம் பேரா? ...அதுக்கு எவன் காசு குடுக்குறான்?

நிலக்ஷி: வீடியோவுக்குக் கீழ ஒரு லிங்க் போட்டிருக்கேன். அத அமுக்குனா கடை தொறக்கும். அட்ட ஏறாத காலுற, மழக்கோட்டு, சப்பாத்து எல்லாம் இருக்கும். பாக்குறவங்க அது வழியா போயி வாங்குனா கம்பெனிக்காரன் எனக்கு ஒரு பங்கு தருவான்.

அழகுமுத்து: விக்கிறவன் ஒருத்தன், வாங்குறவன் ஒருத்தன். நடுவுல ஒனக்கு என்னாத்துக்குக் காசு? அந்தக் காலத்துக் கங்காணி தலக்காசு மாதிரியில்ல இருக்கு.

நிலக்ஷி: நான் ஆளப் புடிச்சி உடல மாமா. கடைக்கு வழி காட்டுறேன்.

அழகுமுத்து: எவ்வளவு கட்டுன?

நிலக்ஷி: ஒரு சதம் கட்டல.

அழகுமுத்து: பொய் சொல்லாத. ஹட்டன்ல ஒரு பய, போன்லயே சம்பாரிக்கலாம், ஆளச் சேத்து உடுன்னு சொல்லி ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கிட்டு ஓடிட்டான்.

நிலக்ஷி: அது வேற. நம்மகிட்ட முன்னுக்கே காசு கேட்டா அது களவு. நான் டேட்டா காசு மட்டுந்தான் போட்டேன். ஆறு மாசத்துல நாப்பத்தோராயிரம் சேந்து கெடக்கு, எம்பேருல. இங்க பாருங்க.

அழகுமுத்து: கெடக்குன்னா எடுக்க வேண்டியதுதான?

நிலக்ஷி: அதுக்குத்தான் காயிதம்! நான் நெசமாவே இந்த எடத்துல இருக்குறேனான்னு பாக்க வெளிநாட்டுல இருந்து ஒரு காயிதம் போடுவான். அதுல இருக்குற நம்பர அடிச்சாத்தான் பேங்குக்கு அனுப்புவான். வரலன்னு இன்னும் ரெண்டு தடவ திருப்பி அனுப்பச் சொன்னேன். மூணுலயும் ஒரே நம்பர்தான். ஒண்ணு வந்தாலே போதும். நம்பர அடிக்க நாலு மாசந்தான் தவண, அது இன்னையோட முடியுது.

அழகுமுத்து: ...என்னா இருக்கும் அதுல?

நிலக்ஷி: ஆறு நம்பர்.

அழகுமுத்து: ஆறு நம்பர் மட்டுமா?

நிலக்ஷி: ஆமா.

அழகுமுத்து: டிக்கட்டு... விசா... அப்படி ஒண்ணும் இல்லியா?

நிலக்ஷி: அட்டைக்கி எதுக்கு மாமா விசா?

அழகுமுத்து: இல்ல... மாசியில நீ பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனன்னு சொன்னாங்க.

நிலக்ஷி: அது... சும்மா. இருக்கட்டும்னு எடுத்தேன்.

அழகுமுத்து: சும்மா எவளும் பாஸ்போட்டு எடுக்க மாட்டா. எம்மக லோஜினியும் சும்மான்னுதான் சொன்னா. குவைத்துக்குப் போயி நாலு வருசம். கடேசியா பேசுனது முந்துன தீவாளிக்கி. அவ மகன் என்னையத்தான் அம்மான்னு கூப்புட்டுக்கிட்டு ரெண்டு வருசம் கெடந்தான். தெரியும்ல?

நிலக்ஷி: தெரியும் மாமா.

அழகுமுத்து: அப்ப ஏன் நீ அங்க பாக்குற?

நிலக்ஷி: எங்க பாக்குறேன்?

அழகுமுத்து: உள்ள, கதவுக்குப் பொறத்தால. புது சூட்கேசு. விலைச் சீட்டு கூட கிழிக்கல.

நிலக்ஷி: கொழும்புக்குப் போறேன். கார்மெண்டுக்கு.

அழகுமுத்து: எந்தக் கார்மெண்டு?

நிலக்ஷி: கொழும்புல ஒரு கார்மெண்டு.

அழகுமுத்து: நிலக்ஷி. எந்தக் கார்மெண்டு?

நிலக்ஷி: கார்மெண்டும் இல்ல, மண்ணும் இல்ல. நாளைக்கி விடிய ஏஜென்சி வேன் வருது. மெடிக்கலுக்கு. குவைத்து.

அழகுமுத்து: அடிப்பாவி...

நிலக்ஷி: நான் என்னா செய்ய? எம்புருசனுக்குக் கொழும்புக் கடையில வேல போயிருச்சி. வைகாசிக்குள்ள அந்தப் போன்ல இருந்து ஒரு சதமாச்சும் கையில வரட்டும், நீ போக வேண்டாம், இல்லாட்டி கையெழுத்துப் போடுன்னு சொல்லிட்டாரு. நானும் வரும் வரும்னு ஒங்க பையையே பாத்துக்கிட்டு இருந்தேன். வரல. முந்தாநாளு போட்டுட்டேன்.

அழகுமுத்து: அப்ப... அந்தக் காயிதம் வந்திருந்தா நீ போக மாட்டியா?

நிலக்ஷி: எங்க பாப்பாவ உட்டுட்டு நான் ஏன் போறேன்? போகாம இருக்கத்தானே மாமா மழைக்குள்ள உக்காந்து அட்டையப் படம் புடிச்சேன்! ...ஏன் அப்படிப் பாக்குறீங்க? உக்காருங்க. தல சுத்துதா? தேத்தண்ணி ஊத்தட்டுமா?

அழகுமுத்து: தேத்தண்ணி வேணாம். வேன்காரன் நம்பர் இருக்கா ஒங்கிட்ட?

நிலக்ஷி: இருக்கு. எதுக்கு?

அழகுமுத்து: வர வேணாம்னு சொல்லு.

நிலக்ஷி: என்னான்னு சொல்றது? பையில என்னாத்தத் தேடுறீங்க... மாமா? பேரு இல்லன்னு சொன்னீங்களே...

அழகுமுத்து: போன எடு. அந்த நம்பர் போடுற எடத்தத் தொற. இந்தா... மூணு. ஒண்ணயும் பிரிக்கல. தெனமும் ஒங்க வாசலத் தாண்டித்தான் தூக்கிக்கிட்டுப் போனேன், தெனமும் தூக்கிக்கிட்டு வந்தேன். வெளிநாட்டு முத்திரயப் பாத்தேன்... ஏஜென்சிக் காயிதம்னு நெனச்சிட்டேன். ஏசுறதுன்னா நம்பர அடிச்சிட்டுப் பொறவு ஏசு. லோஜினிக்கி வந்த ஏஜென்சிக் காயிதத்த, மழையில நனையாம சட்டைக்குள்ள வச்சிக் கொண்டாந்து அவ கையில குடுத்தது நாந்தான் புள்ள.