எட்டிப் பார்த்தவரின் கனிவான கவனத்திற்கு

தண்ணீர்க் குவளையைத் தன்வசம் வைத்திருக்கும் தலைவர் அவர்களே, தலைவரைவிட உயரமான நாற்காலி வாய்த்துவிட்ட பொருளாளர் அவர்களே, ஊசிக்கு அஞ்சாத பெரியோர்களே, பிள்ளைக்கு ஊசி போட்டால் தாம் கண்ணை மூடிக்கொள்ளும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தலைமைச் செவிலியின் வணக்கம்!

நம் மருத்துவமனை நோயாளிகளின் விவரங்கள் பிளாக்செயினுக்கு மாறி ஓராண்டு ஆகிறது. பிளாக்செயின் என்றால் என்ன? பெட்டியா? பூட்டா? மருத்துவமனை, ஆய்வகம், மருந்தகம், காப்பீட்டு அலுவலகம் என நான்கு இடத்துக் கணினிகள் ஒரே பதிவை வைத்துக்கொண்டு, சம்பந்திகளைப் போல ஒருவரையொருவர் கண்காணிப்பது! ஒருவர் அழித்தால் மற்றவர் ஒப்பமாட்டார். பதிவைத் திறக்கும் சாவி நோயாளியின் கைபேசியில். உயிர்போகும் அவசரத்துக்கு மருத்துவர் திறக்கலாம். திறந்தவர் பெயர் உடனே நோயாளிக்குப் போய்விடும்.

இதை மறந்தார் ஒரு பெரிய மருத்துவர். தலைவர் அவர்களே, தண்ணீர் பிறகு குடிக்கலாம்.

என் அண்ணன் மகளுக்குச் சிறுவயதில் வலிப்பு இருந்தது. எப்போதோ குணமாகிவிட்டது. ஆனாலும் வரன் வரும், விஷயம் தெரியும், வந்த வழியே போய்விடும். அழுது ஓய்ந்தவளுக்கு மறுபடி ஒரு வரன் கூடிவந்தபோது, மாப்பிள்ளையின் தாய்மாமனான அந்த மருத்துவர், 'அவசரம்' என்ற பொத்தானை அழுத்தி அவள் விவரத்தைத் திறந்தார். என்ன அவசரம்? யார் உயிர் ஊசலாடியது? அவருடைய ஆவல்தான் துடியாய்த் துடித்தது!

திறந்த பிறகு உறைத்தது. கணினிப் பொறியாளரை அழைத்தார்.

"தம்பி, நான் பார்த்தேன்னு பதிவான அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சிடுப்பா."

"இங்க அழிச்சாலும் மத்த மூணு இடத்துல இருக்கும் சார். அழிக்கப் பார்த்தீங்கன்னும் சேர்ந்து பதிவாகும். பண்ணட்டுமா?"

"வேணாம்பா."

பின்வரிசையில் யாரோ பெயர் கேட்கிறீர்கள். ஐயா, எனக்கு ஓய்வுபெற இன்னும் காலம் இருக்கிறது.

அடித்துப் பிடித்துக்கொண்டு மருமகனிடம் ஓடினார். "மாப்ளே, பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பாம்."

"தெரியும் மாமா. போன வாரமே அவளே சாவியைக் கொடுத்து, படிச்சுட்டுப் பதில் சொல்லுங்கன்னா. படிச்சேன், சரின்னேன். உங்களுக்கு யாரு மாமா சாவி கொடுத்தா?"

அன்புடையீர்! மறைத்தால் அது அவள் உரிமை. மனமுவந்து காட்டினால் அது அவள் பெருமை. கேளாமல் திறந்தால், அது யார் சிறுமை? இதை நான் மேடையேற்றியதும் அவள் அனுமதியோடுதான். அதோ, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை திருமணம். தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? அவள் மன்னித்துவிட்டாள். அவர் அவசியம் வரவேண்டும், கதவைத் தட்டிவிட்டு. காதுகொடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.

தலைவர் அவர்களே, இப்போது தண்ணீர் குடிக்கலாம்.