கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

செவ்வாய்க்கிழமை மாலை, ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மின்னணுத் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் கேட்டார்: "ஏம்மா, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சது நீதானா?"

இளையவர் சிரித்தார். "ஆமாக்கா. புது ஸ்கிரீன்ல, சில்லு வாட்டுற ஆறு அடுப்போட சூடும் ஒரே பச்சையில பொடிப்பொடி நம்பரா ஓடுது. மூணாவது அடுப்புதான் அடிக்கடி எகிறும். அதைத் தேடித்தேடியே கண்ணு பூத்துப் போச்சு. அதான் நெத்தியில இருந்த சிவப்புப் பொட்டை எடுத்து அது பக்கத்துல ஒட்டிட்டேன்."

"அதைத்தான் இன்ஜினியர் அபாய விளக்குன்னு நெனச்சு அடுப்பை நிறுத்தினாரா?"

"ஆமா. வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"இத்தனை நம்பர் போட்டீங்களே பாஸ், வந்ததும் என் பொட்டுதானே உங்க கண்ணுல பட்டுச்சுன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"மத்த அஞ்சு அடுப்புக்கும் பொட்டு இருக்கான்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் வெச்சா மறுபடியும் ஒண்ணும் தெரியாது லா பாஸ்னேன்."

"அப்ப வேலை?"

"வேலையும் இருக்கு, பொட்டும் இருக்கு."

மூத்தவர் கைப்பையிலிருந்து தன் பொட்டு அட்டையை எடுத்தார்.

"எங்க ஸ்கிரீனுக்கு மெரூன் எடுப்பா இருக்குமா?"